குதிரைகளைத் தமிழில் கூப்பிட்டவரின் பேத்தி

மரியகொறற்றிக்குச் சாம்பல் நிறக் கண்கள். மன்னார்ப் பெண்ணுக்கு இந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று பாரிசின் லா சப்பல் பகுதியில் அவளைப் புதிதாகக் காண்கிறவர்கள் கேட்பார்கள். சிலர் கேட்கமாட்டார்கள், அவள் கடையை விட்டு வெளியேறும் வரைக்கும் காத்திருந்துவிட்டுத் தங்களுக்குள் கதைப்பார்கள். இரண்டுமே அவளுக்குப் பழகிப்போன விஷயம். ஃபோபூர் சென்-தெனித் தெருவில் ஒரு தையல் பட்டறையில் அவள் உடுப்புகளுக்கு அயன் பிடித்துக்கொண்டிருந்தாள். அங்கே நீராவிக்குள் யாரும் யாருடைய கண்ணையும் பார்ப்பதில்லை. அதனாலேயே அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது.

கண்கள் தகப்பன் லாசரிடமிருந்து வந்தவை. லாசருக்கு அவை ஆதர் தேர்லோ என்ற இங்கிலாந்துக்காரனிடமிருந்து வந்தன. 1912இல் தலைமன்னாருக்கு றெயில் பாதை போட வந்த மேற்பார்வையாளர்களில் ஒருவன் அவன். இருபத்திரண்டு வயது. அவன் தங்கியிருந்த விடுதியில் சமையல் செய்தவரின் மகள் சவீனம்மா. பாதை முடிந்து இறங்குதுறைக்கு முதல் றெயில் வந்த வருடம் அவன் கப்பலேறிப் போனான். அவன் போன பிறகுதான் லாசர் பிறந்தார்.

சவீனம்மா அந்த மனிதனைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. கட்டினானா, ஏமாற்றினானா, திரும்பி வருவேன் என்று சொல்லிவிட்டுப் போனானா, ஒன்றும் சொல்லாமலே செத்துப்போனாள். லாசர் வள்ளம் கட்டும் தச்சனாக வளர்ந்தார். ஊரில் அவருக்குத் ‘துரையின்ரை பொடியன்’ என்று பெயர். சண்டை வந்தால் வேறு பெயரும் உண்டு. அதைக் கேட்டுவிட்டு வந்த நாட்களில் வீட்டில் ஒருவருடனும் பேசமாட்டார். உளியைத் தீட்டிக்கொண்டே இருப்பார்.

ஒரேயொரு முறை, லாசருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, மிஷன் சுவாமியாரின் பெயருக்கு ஒரு பார்சல் வந்தது. உள்ளே பையனுக்கு ஒரு கம்பளித் தொப்பியும் கையுறையும். மன்னார் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி! ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. பார்சலில் இருந்த ஊர்ப் பெயரைச் சுவாமியார் வாசித்தார். பையன் அதை மனப்பாடம் செய்துகொண்டான்: வில்லோபெண்ட், சஸ்கச்சுவான், கனடா. கிழவனான பிறகும் வேலைக்கு நடுவே மந்திரம்போல அதைச் சொல்வார். கொறற்றிக்கு எழுத்துத் தெரியுமுன்னமே அந்தப் பெயர் தெரியும்.

1985இல் மன்னாரில் இருக்கமுடியாமல் லாசர் வள்ளமேறி இந்தியாவுக்குப் போய்த் திருச்சியில் ஒரு அறை எடுத்துக்கொண்டார். கொறற்றி அதற்கு முன்பே கணவன் யோனோடும் கைக்குழந்தை பேர்ளியோடும் பாரிசுக்கு வந்துவிட்டிருந்தாள். ரூ காய் தெருவில் மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. யோன் கார் து லெஸ்த் ஸ்ரேசனுக்குப் பக்கத்தில் ஒரு பிறாசறி உணவகத்தில் கோப்பை கழுவினான். அவனுடைய தம்பிமார் இரண்டு பேரும் ரொறொன்ரோவில் இருந்தார்கள். 86இல் லா சப்பலில் எந்தக் கடைக்குப் போனாலும் கனடாக் கதைதான். யார் போய்ச் சேர்ந்தது, யார் எந்த விமான நிலையத்தில் பிடிபட்டது.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த யோன் கையை உதறிவிட்டு நிமிர்ந்தான்.

“கொறற்றி, உன்ரை பாட்டன் கனடாக்காரன் எல்லோ?”

“இங்கிலாந்துக்காரன். கனடாவுக்குப் போனவராம்.”

“அதுதானே சொல்றன். அங்கை அவருக்குப் பிள்ளைகுட்டி இருக்கும். அவையைப் பிடிச்சா அது ஒரு வழிதானே? சொந்தக்காரர் கூப்பிட்டால் விசா குடுப்பினம்.”

“அப்பாவின்ரை பிறப்புப் பதிவிலை தேப்பன் பேரே இல்லை. என்னெண்டு சொந்தம் கொண்டாடுறது?”

“உன்ரை முகத்திலை ரெண்டு சாட்சி இருக்கு” என்றான் யோன். அவளுடைய கண்களைத்தான் சொன்னான்.

பாட்டனைத் தெரிந்துகொள்ளும் ஆசை அவளுக்குச் சின்ன வயது முதலே இருந்ததுதான். ஆனால் இத்தனை வருடமும் அந்த ஆசை அவளை எழுப்பி நடக்க வைக்கவில்லை. நடக்க வைத்தது விசா. இதை அவள் பின்னால் பலமுறை நினைத்துக்கொண்டாள்.

லூவ்ர் பக்கம் இருந்த பெரிய தபாற்கந்தோரில் வெளிநாட்டுத் தொலைபேசிப் புத்தகங்கள் இருந்தன. சஸ்கச்சுவான் புத்தகத்தில் வில்லோபெண்ட் என்ற ஊருக்கு அரைப் பக்கம்கூட இல்லை. அதற்குள் தேர்லோ என்று இரண்டு பெயர்கள். ஹரல்ட் தேர்லோ, எடித் தேர்லோ. ஆம்பிளையிடம் கேட்கப் பயந்து அவள் இரண்டாவதைத் தெரிவு செய்தாள். மன்னார்க் கன்னியர் மடத்தில் படித்த இங்கிலிசை வாய்க்குள் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டு, கண்ணாடிக் கூண்டுக்குள் நின்று எண்ணைச் சுழற்றினாள்.

“ஆதர் தேர்லோ என் தந்தை” என்றது மறுமுனையில் ஒரு வயதான பெண் குரல். “நீங்கள் யார்?”

“நான் பாரிசிலிருந்து பேசுகிறேன். இலங்கையில் மன்னாரில் பிறந்தவள். உங்கள் தந்தை எப்போதாவது அங்கே றெயில் பாதை போட வந்தாரா?”

இணைப்பு அறுந்துவிட்டது என்று கொறற்றி நினைத்தாள். பிறகு அந்தக் குரல் மெதுவாக வந்தது. “எங்கோ சூடான நாட்டில் றெயில் பாதை போட்டேன் என்று மட்டும்தான் சொல்வார். எந்த நாடு என்று எங்களுக்குத் தெரியாது. நான் அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.”

எடித் பள்ளிக்கூட ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கலியாணம் செய்யவில்லை. ஓய்வுபெற்ற நாள் முதல் தகப்பனின் வாழ்க்கையைத் தேடுவதே அவளுக்கு வேலை. இங்கிலாந்தில் நோர்ஃபோக் பக்கம் அவர் பிறந்த கிராமத்துக்குப் போய்வந்திருந்தாள். 87 சித்திரையில், தகப்பன் கனடியப் படையில் நின்று சண்டை பிடித்த விமி என்ற இடத்தைப் பார்க்க பிரான்சுக்கு வர இருந்தாள். “அப்படியே பாரிசுக்கு வந்து உங்களைப் பார்க்கிறேன்” என்றாள்.

குருத்தோலை ஞாயிறன்று வந்தாள். மெற்றோப் படிக்கட்டின் கீழே கொறற்றியும் யோனும் பேர்ளியும் காத்து நின்றார்கள். மழைக்கோட்டுப் போட்ட நெட்டையான கிழவி ஒருத்தி இறங்கி வந்து, கூட்டத்துக்குள் நாலாபக்கமும் பார்த்தாள். கொறற்றியைக் கண்டதும் கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். அவளுக்கும் அதே கண்கள்.

“தகப்பன்ரை தங்கச்சியெல்லோ, மாமி எண்டு கூப்பிடு” என்று யோன் காதுக்குள் சொன்னான். கொறற்றி அந்தச் சொல்லை எடித்துக்கு விளக்கினாள். எடித்துக்கு அது பிடித்துப்போனது. படியேறும்போது மூச்சு வாங்க வாங்க, “மாமி, மாமி” என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு வந்தாள்.

இடியப்பமும் சொதியும் மீன் குழம்பும். சிலுவைப் பாதைப் படத்துக்குப் பக்கத்தில் காலையில் கோயிலில் கொடுத்த சின்னப் பச்சைக் கிளை. பாரிசில் குருத்தோலை கிடையாது, அந்தக் கிளைதான். எடித் முள்ளுக்கரண்டியால் இடியப்பத்தைச் சுருட்டிச் சாப்பிட்டபடியே தகப்பனின் கதையைச் சொன்னாள். பண்ணைக் கூலிக்காரரின் ஆறு பிள்ளைகளில் அவர் மூன்றாவது. பள்ளிக்கூடம் விட்டதும் பிறர் வயலில் காகம் விரட்டுகிற வேலை. தமையன்மாருக்கே காணாத கூலி, அவருக்கு எங்கே போகும்? முதலில் றெயில் கம்பனி, அந்த ‘சூடான நாடு’, பிறகு கனடாவில் அரசாங்கம் இனாமாகக் கொடுத்த நிலம். மரமே இல்லாத வெளி. முதல் குளிர்காலத்தைப் புல்லோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீட்டில் தனியாகக் கழித்திருக்கிறார். பக்கத்து வீடு இரண்டு மைல். பிறகு முதலாம் உலக யுத்தம். திரும்பி வந்து, ஸ்கொட்லாந்திலிருந்து வேலைக்கு வந்திருந்த மேபல் என்ற பெண்ணைக் கட்டினார். எடித்தும் ஹரல்டும் பிறந்தார்கள்.

“நல்ல மனிதர்” என்றாள் எடித். “ஆனால் பேசமாட்டார். தானியம் விற்ற கையோடு சில வருடம் தனியாக வண்டியைக் கட்டிக்கொண்டு தபாற்கந்தோருக்குப் போவார். எதற்கு என்று அம்மா கேட்டதில்லை.” பிறகு சிரித்துக்கொண்டு கேட்டாள். “ஒன்று கேட்க வேண்டும். அப்பா குதிரைகளைக் கூப்பிட ஒரு சொல் வைத்திருந்தார். குதிரைப் பாஷை என்று நினைத்திருந்தோம். ‘இஞ்சவா, இஞ்சவா.’ எங்கள் குதிரைகள் அதற்குத்தான் வரும். அது என்ன?”

யோன் சாப்பாட்டை விட்டுவிட்டு கொறற்றியைப் பார்த்தான்.

“இஞ்சை வா. அது எங்கள் மொழி, மாமி. இங்கே வா என்று அர்த்தம்.”

எடித் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். எவ்வளவோ நேரம் துடைத்தாள். பேர்ளி எழுந்து போய் அவளுடைய மடியில் கை வைத்தாள். குழந்தையின் தலையைத் தடவியபடி எடித் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“என் தந்தையும் உங்கள் அப்பம்மாவும் ஒருவருக்கு ஒருவர் என்னவாக இருந்தார்கள்?”

யோனின் பார்வை தன்மேல் இருப்பது கொறற்றிக்குத் தெரிந்தது. உளியைத் தீட்டிக்கொண்டிருந்த தகப்பனின் முதுகு அவளுக்கு ஞாபகம் வந்தது. கனடா விசா ஞாபகம் வந்தது. எது முதலில் வந்தது என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவளால் பிரிக்க முடியவில்லை.

“கலியாணம் கட்டியவர்கள்” என்றாள். “எங்கள் ஊர்க் கோயிலில். முறையாக.”

“எந்த வருடம்?”

“பதின்மூன்றாம் ஆண்டு.”

“உங்கள் அப்பம்மா எப்போது இறந்தார்?”

“நாற்பத்தாறில்” என்றாள் கொறற்றி. அது உண்மை.

எடித் கரண்டியைத் தட்டில் வைத்தாள். தண்ணீர் கேட்டாள். குடித்துவிட்டு, மிகவும் மரியாதையாக, சாப்பாடு நன்றாக இருந்தது என்று சொன்னாள். அதற்குப் பிறகு தகப்பனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேர்ளிக்குப் பள்ளிக்கூடத்தில் எந்தப் பாடம் பிடிக்கும் என்று தன் உடைந்த பிரெஞ்சில் கேட்டாள்.

கோப்பைகளை எடுத்து வைக்கும்போதுதான் கொறற்றிக்கு விளங்கியது. ஆதர் தேர்லோ மேபலைக் கட்டியது யுத்தம் முடிந்த பிறகு. அப்போது சவீனம்மா உயிரோடு இருந்தாள். சவீனம்மா தாலி கட்டிய மனைவி என்றால் மேபல் யார்? எடித் யார்? தன் தகப்பனின் முதுகில் ஏறியிருந்த பெயரை இறக்கி, இந்தக் கிழவியின் மடியில் வைத்திருக்கிறாள்.

எடித்தின் ஹோட்டல் கார் து நோர் ஸ்ரேசனுக்கு எதிரே. கொறற்றி கூட நடந்தாள். ரூ பெர்தொனே மூலையில், ஃபோபூர் சென்-தெனியில், மழை தூறிக்கொண்டிருந்தது. வழியெல்லாம் ‘சொல், சொல்’ என்று நெஞ்சு அடித்தது. வீதி கடக்கும் விளக்கடியில் எடித் நின்று, அவள் பக்கம் திரும்பினாள்.

“கலியாணம் பற்றிச் சொன்னது நிச்சயம்தானா, கொறற்றி? உங்களுக்கு நன்றாகத் தெரியுமா?”

சொல்ல வேண்டிய இடம் அதுதான். ஆட்கள் இல்லை, யோன் இல்லை. அந்தக் கிழவி ஏறக்குறைய கெஞ்சிக்கொண்டு நின்றாள்.

“நிச்சயம், மாமி” என்றாள் கொறற்றி.

அந்தக் கிழமையே யோன் பொறுக்கமாட்டாமல் திருச்சிக்கு ரெலிபோன் எடுத்தான். லாசரின் அறைக்குப் பக்கத்து மருந்துக்கடையில் இருந்த போனுக்கு எடுத்து, அவரைக் கூப்பிடச் சொல்லி, பிறகு திரும்ப எடுக்க வேண்டும்.

“அப்பா, உங்கடை தங்கச்சி ஒராள் வந்து போனவ” என்றாள் கொறற்றி.

“தங்கச்சியோ? ஆர்?”

அவள் பதில் சொல்லுமுன் யோன் றிசீவரை வாங்கிவிட்டான். “மாமா, உங்கடை அம்மாவை அவர் கோயிலிலை முறையாக் கட்டினவராம்! வெள்ளைக்காரப் பகுதிக்கே தெரியுமாம்!”

கொறற்றி றிசீவரைத் திரும்ப வாங்கியபோது மறுமுனையில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு தகப்பனின் குரல், பையன் குரல்போல. “மெய்யோ பிள்ளை? அவையே சொன்னவையோ?”

“ஓம் அப்பா” என்றாள். “அவதான் சொன்னவ.”

“எழுவத்திமூண்டு வயசிலை எனக்கு ஒரு தேப்பன் கிடைச்சிருக்கிறான்” என்றார் லாசர். மருந்துக்கடைக்காரரிடம் அவர் அதைச் சத்தமாகச் சொல்லுவது கேட்டது. அன்று தெருவில் உள்ள மன்னார் ஆட்கள் எல்லாருக்கும் லட்டு வாங்கிக் கொடுத்தாராம்.

பெரிய வெள்ளிக்கு முதல் கொறற்றி பாவசங்கீர்த்தனம் செய்யப் போனாள். தமிழ்ச் சுவாமியார் இல்லை. கூண்டுக்குள் ஒரு பிரெஞ்சுக் குருவானவர். “நான் பொய் சொன்னேன்” என்று பிரெஞ்சில் சொன்னாள். மேலே விளங்கப்படுத்த அவளிடம் பிரெஞ்சு இருக்கவில்லை. அவர் சில ‘அருள் நிறைந்த மரியே’ செபங்களைச் சொல்லச் சொல்லி அனுப்பினார். பிரெஞ்சில் சொன்னபோது பாவம் சிறுத்துப் போனதாக அவளுக்குப் பட்டது. வெளியே வந்ததும் பழையபடி பெருத்துவிட்டது.

எடித் கோபித்திருந்தால் கொறற்றிக்குத் தாங்கியிருக்கும். எடித் கோபிக்கவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு தவறாமல் ரெலிபோன் எடுத்தாள். அவர்களைக் கனடாவுக்கு எடுப்பது பற்றித் தங்கள் கோயில் சபையோடு கதைத்திருப்பதாகச் சொன்னாள். யாழ்ப்பாணத்துச் சண்டையைப் பற்றிப் பேப்பரில் படித்துவிட்டு விசாரித்தாள். லாசர் அண்ணனுக்கு மூட்டு வலி என்று கேட்டுத் திருச்சிக்கு மருந்து அனுப்பினாள். ‘என் அண்ணன்’ என்று அவள் சொல்லும்போதெல்லாம் கொறற்றி பேச்சை மாற்றிவிடுவாள். பட்டறையில் ஒருமுறை கையில் பிடித்திருந்த அயனை மறந்து ஒரு பட்டுச் சட்டையைக் கருக்கிவிட்டாள். முதலாளி கத்தியது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. யாராவது தன்னைத் திட்டவேண்டும் போலிருந்தது.

“சொல்லிப்போடப் போறன்” என்று ஒருநாள் யோனிடம் சொன்னாள்.

“உனக்கென்ன விசரோ? ஆருக்கு இதாலை நட்டம்? கிழவிக்கு ஒரு அண்ணன், மாமாவுக்கு ஒரு தேப்பன், எங்களுக்கு ஒரு வழி. செத்தவையின்ரை கலியாணத்திலை ஆருக்கு என்ன?”

யோன் கெட்டவன் அல்ல. கோப்பை கழுவிக் கழுவி அவனுடைய விரலிடுக்கெல்லாம் வெடித்திருந்தது.

88 பங்குனியில் எடித்தின் அழைப்பு வந்தபோது யோன் பக்கத்தில் நின்று வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தான்.

“சபை ஒத்துக்கொண்டுவிட்டது” என்றாள் எடித். “உங்கள் மூன்று பேருக்கும் பொறுப்பு நிற்பார்கள். நான் முன்பே எடுத்திருக்க வேண்டும். ஹரல்ட் இறந்துபோனான். மாசியில். பனி அள்ளும்போது மாரடைப்பு.”

கொறற்றி அனுதாபம் சொன்னாள். பிறகு எடித் தானாகவே சொன்னாள். பாரிசிலிருந்து போனதும் அந்தக் கலியாணத்தைப் பற்றி ஹரல்டிடம் சொல்லியிருக்கிறாள். அவனிடம் மறைத்து வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. ‘எங்கள் அம்மாவை நீ என்னவாக்கிவிட்டு வந்திருக்கிறாய் தெரியுமா?’ என்று ஹரல்ட் கேட்டிருக்கிறான். அதோடு அக்காவின் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டான். சின்ன ஊர், தபாற்கந்தோரில் சந்திப்பார்கள். அவன் தொப்பியைத் தொட்டுவிட்டு, வேற்று ஆளுக்குச் செய்வதுபோல, போய்விடுவான். கடைசிவரை அப்படித்தான்.

“அது உங்கள் பிழை இல்லை” என்றாள் எடித். “நீங்கள் உண்மையைத்தானே சொன்னீர்கள்.”

“மாமி, நான் பொய் சொன்னேன்.”

யோனின் கத்தி நின்றது.

“அவர்கள் கட்டியது எனக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. அப்பம்மா ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நானாகத்தான் சொன்னேன்.”

“கட்டவில்லை என்று தெரியுமா?”

“அதுவும் தெரியாது. ஒன்றுமே தெரியாது.”

“அப்படியென்றால் ஏன்?”

“வெட்கம், மாமி. அப்பாவை ஊரில் எல்லாரும் ஒரு சொல்லால் ஏசுவார்கள். பிறகு…” அவள் யோனைப் பார்த்தாள். “விசாவும். உங்களை நான் தேடினதே விசாவுக்காகத்தான்.”

மறுமுனையில் ரெலிபோன் வைக்கப்பட்டது. மெதுவாகத்தான் வைத்தாள்.

யோன் கத்தவில்லை. வெட்டிய வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு சில கிழமைகள் பேர்ளி மூலம்தான் அவளோடு பேசினான். குழந்தை பிரெஞ்சில் கேட்டு, பிரெஞ்சில் பதில் கொண்டுபோகும். அவன் கோபித்தது சரி என்றே அவளுக்குப் பட்டது. ஒரு பொய்யால் ஒரு குடும்பத்தைப் பிரித்தாள். உண்மையால் இன்னொரு குடும்பத்தின் வழியை அடைத்தாள். எதையும் உரிய நேரத்தில் செய்யத் தெரியாதவள் என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

கோடை முழுவதும் எடித்திடமிருந்து சத்தமில்லை. கொறற்றி எடுக்கத் துணியவில்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிறு பின்னேரம் மணி அடித்தது.

“மன்னித்துவிட்டேன் என்று சொல்ல எடுக்கவில்லை” என்றாள் எடித். குரல் தளர்ந்திருந்தது. “அது வரவில்லை. முயற்சி செய்து பார்த்தேன். சபைக்காரரிடமும் நான் வேறு ஒன்றும் சொல்லவில்லை, எனக்கு முடியாது என்று மட்டும் சொன்னேன். அண்ணன் எப்படி இருக்கிறார்?”

“படுக்கையில், மாமி.”

“அவரிடம் சொல்லிவிட்டீர்களா?”

“இல்லை.”

“சொல்லாதீர்கள். நான்தான் சொன்னேன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாராக்கும்?”

அவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று கொறற்றி கேட்கவில்லை. மருந்துக்கு நன்றி சொல்ல லாசரே யாரையாவது கொண்டு எழுதியிருப்பார். “ஓம், மாமி” என்றாள். தமிழில் சொல்லியிருப்பது பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

“அப்படியே இருக்கட்டும்” என்றாள் எடித்.

லாசர் 89 ஆவணியில் திருச்சியில் இறந்தார். அகதிக் கார்த் என்ற அட்டையோடு இந்தியாவுக்குப் போய்வர முடிந்திருக்கலாம், ஆனால் விசா கிடைப்பதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கொறற்றியால் செய்ய முடிந்தது, ரூ காயில் கடைச் சுவரில் ஒட்டும் மரண அறிவித்தலை எழுதுவது மட்டும்தான். எங்கள் பக்கத்து அறிவித்தல்களில் ஒரு வழக்கம் உண்டு. காலஞ்சென்ற இன்னார் இன்னார் தம்பதிகளின் அன்பு மகன் என்று தொடங்கும். அவள் அதில் வந்து நின்றாள். தகப்பன் நம்பியபடி எழுதினால் எடித்துக்குத் துரோகம். எழுதாமல் விட்டால் தகப்பனை மறுபடியும் தெருவில் விடுவது. கடைசியில் ‘ஆதர் தேர்லோ, சவீனம்மா ஆகியோரின் மகன்’ என்று எழுதினாள். யோன் வாசித்துப் பார்த்தான். ‘தம்பதிகள்’ என்ற சொல் விட்டுப்போனதை அவன் கவனித்தான், ஆனால் ஒன்றும் சொல்லாமல் தானே கொண்டுபோய் ஒட்டிவிட்டு வந்தான்.

ஒட்டின இடத்தில் மன்னார்க்காரர் ஒருவர் நின்று வாசித்தார். “துரை பேரையும் போட்டிருக்கிறியள். நல்லது” என்றார். அவர் நல்லதென்று சொன்னது அவளைக் குத்தியது.

எடித்துக்கு அவளே அழைத்துச் சொன்னாள். எடித் அழுதாளா என்று தெரியவில்லை. தன் தகப்பனின் குடும்பத்தை ஒரு சின்னப் புத்தகமாக அச்சிட இருப்பதாகவும், லாசரையும் அதில் சேர்க்கவேண்டும் என்றும் சொன்னாள். நோர்ஃபோக், மன்னார், வில்லோபெண்ட், விமி, திரும்பவும் வில்லோபெண்ட் என்று அத்தியாயங்கள் வைத்திருந்தாள். பெயர்களை எழுத்துக்கூட்டச் சொன்னாள்.

“உங்கள் அப்பம்மாவுக்கும் என் அப்பாவுக்கும் நடுவில் நான் என்ன போடுவது?”

“தெரியாது என்று போடுங்கள், மாமி. அதுதான் உண்மை.”

“அதுதான்” என்றாள் எடித். “உங்கள் பொய்யை நீங்கள் திருப்பி எடுத்துவிட்டீர்கள். ஆனால் சந்தேகத்தை எடுக்க முடியவில்லை. ஒருவேளை அவர்கள் கட்டியும் இருக்கலாம் அல்லவா? நீங்கள் சொல்லியிராவிட்டால் நான் அப்படி யோசித்திருக்கவே மாட்டேன். இப்போது என் அம்மாவின் பெயருக்குப் பக்கத்திலும் ‘தெரியாது’ என்றுதான் போட வேண்டும்.”

கொறற்றி மன்னிப்புக் கேட்டாள். முன்பும் கேட்டிருந்தாள். எடித் கேட்டுக்கொண்டிருந்தாள், ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

“இரண்டு இடத்திலும் ஒன்றும் போடாமல் விடுகிறேன்” என்றாள் கடைசியில். “பெயர்கள் மட்டும். அண்ணனின் அம்மாவின் பெயரை எப்படி உச்சரிப்பது? வாசிக்கிறவர்கள் பிழையாகச் சொல்லக்கூடாது.”

“சவீனம்மா” என்றாள் கொறற்றி.

எடித் சொல்லிப் பார்த்தாள். ‘ம்மா’வில் இடறியது. கொறற்றி மெதுவாகப் பிரித்துச் சொன்னாள், கிழவி வகுப்பில் இருக்கும் பிள்ளையைப்போலத் திரும்பச் சொன்னாள். கீழே கடைக்காரர் தகரக் கதவை இழுத்து விடும் சத்தம் கேட்டது. எடித் இன்னொரு முறை சொன்னாள், சரியாக வந்தது.